அடுப்பும் பாயும் ஓரறையில்: புகையின் நுண்துணிக்கையும் எம் பிள்ளைகளின் மூளையும்

மாரி மழை தொடங்கிவிட்டால் ஈர விறகோடு போராடுவது எம் பெண்களின் அன்றாடப் பாடாகிவிடுகிறது. அத்தகைய மழைநாள் மாலையொன்றில், இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் தற்காலிகக் கொட்டிலினுள் நாம் அமர்ந்திருந்தோம். தகரக் கூரை, ஒரேயோர் அறை. ஒரு மூலையில் மூன்று கல் வைத்த அடுப்பு. மறு மூலையில் ஏணையில் ஒரு கைக்குழந்தை. விறகு நனைந்திருந்தமையால் அடுப்புப் பற்றவில்லை. அந்தத் தாய் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி நெருப்பில் வைத்தார். கரும்புகை எழுந்து கூரையை முட்டித் திரும்பியது. அடுப்புப் பற்றிக்கொண்டது, குழந்தை இருமியது.

“பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெளியில வைச்சிருக்கலாமே அம்மா” என்றோம்.

அவர் சிரித்தார். “வெளியில மழை ஐயா. நாங்களும் புகைக்குள்ளதானே வளர்ந்தனாங்கள். எங்களுக்கு என்ன நடந்தது?”

இது நியாயமான கேள்வி. அவசரத்தில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியுங்கூட. விறகுப் புகை கண்ணையும் சுவாசப்பையையும் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததே. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2 இலட்சத்துக்கும் அதிகம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் புகை சென்றடையும் வேறோர் உறுப்பைப் பற்றியும் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வுறுப்பு மூளை. அந்த ஆய்வுகள் கூறுவதையும், எமது அடுப்படிக்கு அவற்றால் வரும் பொருளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

நனோ என்றால் என்ன?

‘நனோ’ என்ற சொல்லை எம் விவசாயிகளுட் பலர் முதன்முதலில் 2021ஆம் ஆண்டிலேயே கேட்டிருப்பர். இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த அவ்வாண்டின் ஒக்ரோபர் மாதத்தில், நனோ நைதரசன் எனும் திரவ உரம் இந்தியாவிலிருந்து விமானமூலம் கொண்டுவரப்பட்டது. அந்த உரத்தின் நன்மை தீமை வேறு விடயம். அச்சொல்லின் பொருள் மட்டுமே எமக்கு இங்கு தேவை.

நனோமீற்றர் என்பது நீளத்தின் ஓர் அளவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு நனோமீற்றர். எமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். நூறு நனோமீற்றருக்கும் சிறிய துணிக்கைகளையே நனோ துணிக்கைகள் என்கிறோம். ஒரு மயிரின் குறுக்கே இவற்றை வரிசையாக அடுக்கினால் எண்ணூறுக்கு மேல் வைக்கலாம்.

இத்துணிக்கைகளுட் சில ஆலைகளில் வேண்டுமென்றே செய்யப்படுகின்றன. பூச்சு வகைகளிலும் வெயிலுக்குப் பூசும் களிம்புகளிலும் இவை சேர்க்கப்படுகின்றன. ஆனால் மனிதன் நெருப்பைக் கண்டறிந்த நாள்முதல் தன்னை அறியாமலே நனோ துணிக்கைகளை உண்டாக்கி வருகிறான். விறகு, மண்ணெண்ணெய், டீசல், பொலித்தீன், றப்பர் என எது எரிந்தாலும், நாம் காணும் புகைக்குள் நாம் காணாத இத்துணிக்கைகள் கோடிக்கணக்கில் உள்ளன. புகை கலைந்து காற்றுத் தெளிந்துவிட்டது போலத் தோன்றும் வேளையிலும் இவை அறைக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துக்கொள்வோம். திரி வைத்த சாதாரண விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில், நிறைப்படி நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு கருங்காபன் துணிக்கையாக வெளியேறுவதாக 2012இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டறிந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் கீழிருந்து படித்தவர்களுக்கு, காலையில் மூக்கைச் சிந்தும்போது வந்த கரி இன்னும் நினைவிருக்கும். மூக்கில் தங்கிய அந்தக் கரி பெரியது. தங்காமல் உள்ளே சென்றதைத்தான் எவரும் பார்க்கவில்லை.

சிறிதானால் ஏன் கேடு?

ஒரு பொருளைச் சிறிதாக உடைக்க உடைக்க அதன் வெளிப்புறப் பரப்பு பெருகும் என்பது விவசாயிகள் அறிந்த உண்மை. உருண்டைக் கட்டியாகக் கிடக்கும் பசளையை உடைத்துத் தூளாக்கினால் அது மண்ணோடு விரைவாகச் சேர்வது இதனாலேயே.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரக் கட்டி ஒன்றின் வெளிப்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. அதே கட்டியை 10 நனோமீற்றர் பக்கமுள்ள கட்டிகளாக உடைத்தால் மொத்த வெளிப்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். அதாவது ஏறத்தாழ 24 பேர்ச். எமது கணக்கில் இரண்டு பரப்புக் காணிக்கும் அதிகம். சீனிக்கட்டி அளவான பொருள் இரண்டு பரப்புக் காணியளவுக்கு உடலின் கலங்களைத் தொடக்கூடியதாகிறது. எரியும்போது உண்டான நச்சு இரசாயனங்களும் உலோகங்களும் அப்பரப்பில் ஒட்டியபடியே உள்ளே செல்கின்றன.

உடலுக்குக் காவல்கள் உண்டு. மூக்கின் மயிரும் சளியும் பெரிய தூசியைப் பிடிக்கின்றன. தொண்டைக்கு இறங்கியதை இருமல் வெளியேற்றுகிறது. நெல் தூற்றும்போது எழும் தூசியில் பெரும்பகுதி இவ்வாறே தடுக்கப்படுகிறது. நனோ துணிக்கை இக்காவல்களுக்கு மிகச் சிறியது. அது சுவாசப்பையின் அடியிலுள்ள காற்றறைகள் வரை செல்லும். அங்கிருந்து ஒரு பகுதி குருதியிலும் கலக்கும்.

மூளைக்கு இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. மூளையிலுள்ள குருதிக் குழாய்களின் சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பின்னப்பட்டு, குருதியில் வரும் எல்லாவற்றையும் உள்ளே விடாமல் தடுக்கின்றன. ஆயினும் மூளைக்குக் குருதியைத் தவிர்த்த ஒரு பின்வாசலும் இருக்கிறது.

மூக்கின் வழியாக ஒரு பின்வாசல்

எமது மூக்கின் உட்கூரையில் மணத்தை அறியும் நரம்புகளின் நுனிகள் இருக்கின்றன. அவை காற்றோடு நேரே தொடர்புடையவை. அவற்றின் மறுமுனை மண்டையோட்டின் சிறு துளைகளினூடாகச் சென்று மூளையின் முன்பக்கத்திலுள்ள மணக்குமிழ் என்னும் பகுதியில் முடிகிறது. இவ்வளவு குறுகிய வழியில் வெளிக்காற்றும் மூளையும் தொடுக்கப்பட்ட இடம் உடலில் வேறில்லை.

இவ்வழியைப் பற்றி விஞ்ஞானிகள் முதலில் எண்ணத் தொடங்கியது இளம்பிள்ளைவாதத்தினால். அந்நோயை உண்டாக்கும் போலியோ வைரசு ஏறத்தாழ 30 நனோமீற்றர் அளவானது. குரங்குகளின் மூக்கில் இட்டபோது அது மண நரம்பு வழியே மூளைக்குச் சென்றது. பிள்ளைகளுக்கும் அவ்வாறே நிகழ்கிறது என எண்ணி, கனடாவின் ரொறன்ரோ நகரில் 1937இல் நோய் பரவியபோது ஏறத்தாழ 5,000 பிள்ளைகளின் மூக்கினுள் நாகசல்பேற்றுக் கரைசலை விசிறினர். நோய் தடுக்கப்படவில்லை. சில பிள்ளைகள் மணக்கும் உணர்வையே இழந்தனர். மனிதரில் அந்த வைரசு பெரிதும் வாய் வழியாகக் குடலுக்கே செல்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

இச்சம்பவம் எமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. மூக்கிலிருந்து மூளைக்கு வழி இருக்கிறது என்பது ஒன்று. விலங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடலாகாது என்பது மற்றையது. இனிக் கூறப்போவதை வாசிக்கும்போது இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஒபர்டோர்ஸ்ரர் என்பவரும் அவருடைய குழுவினரும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ 36 நனோமீற்றர் அளவான காபன் துணிக்கைகளை எலிகள் 6 மணித்தியாலம் சுவாசித்தன. இக்காபன் சாதாரண காபனைவிடச் சற்றுப் பாரமானது. ஆதலால் அது உடலில் எங்கே போயிற்று என்பதைப் பின்தொடர முடிந்தது. அடுத்த 7 நாட்களில் எலிகளின் மணக்குமிழில் அதன் அளவு கூடிக்கொண்டே சென்றது.

அது மூக்கு வழியாகத்தான் சென்றதா, குருதி வழியாகவா என்ற ஐயம் எழலாம். 2006இல் அதே பல்கலைக்கழகத்தினர் இதற்கு எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். எலிகளின் ஒரு பக்க மூக்கை அடைத்துவிட்டு, மங்கனீசு ஒட்சைட்டு நனோ துணிக்கைகளைச் சுவாசிக்க விட்டனர். திறந்திருந்த மூக்கின் பக்கத்து மணக்குமிழில் மாத்திரமே மங்கனீசு சேர்ந்திருந்தது. குருதி வழியாகப் போயிருந்தால் இரு பக்கமும் சேர்ந்திருக்கும். இவ்வாறு பின்வாசல் உண்மையென்பது உறுதியாயிற்று.

எனினும் எலி முழுவதும் மூக்காலேயே சுவாசிக்கும் பிராணி. அதன் மூக்கின் உட்பரப்பில் ஏறத்தாழப் பாதி மணமறியும் பகுதி. மனிதரில் அது நூற்றுக்கு 5 பங்கு அளவே. ஆகவே எலியில் நடந்த அளவுக்கு எம்மில் நடக்கும் எனச் சொல்வதற்கில்லை.

காவற்காரன் வைத்த தீ

உள்ளே சென்ற துணிக்கை மூளைக் கலங்களை என்ன செய்கிறது? இதனை விளங்கிக்கொள்ள மூளையின் காவற் கலங்களைப் பற்றி அறிதல் வேண்டும். மைக்குரோகிளியா எனப்படும் இக்கலங்கள் மூளை முழுவதும் பரந்திருந்து, கிருமிகளையும் இறந்த கலங்களின் கழிவுகளையும் விழுங்கி அகற்றுகின்றன. பகைவனைக் கண்டால் தாக்குதிறன் மிகுந்த ஒட்சிசன் வகைகளை வெளிவிட்டு அவனை எரிக்கின்றன. கிருமி அழிந்ததும் இத்தாக்குதலும் ஓய்ந்துவிடும்.

காபனோ உலோகமோ கொண்ட துணிக்கை கிருமியைப் போன்றதன்று. காவற் கலம் அதனை விழுங்கலாம், செரிக்க முடியாது. அது உள்ளே இருக்கும்வரை காவற் கலமும் எரிச்சலுற்ற நிலையிலேயே இருக்கும். எலியைக் கலைக்க வரப்பில் தீ மூட்டியவன், எலி போகவில்லையென்று தொடர்ந்து தீயை ஊதிக்கொண்டிருந்தால் அருகிலுள்ள பயிருக்கு என்ன நேரும்? இங்கே அருகிலுள்ள பயிர் நரம்புக் கலம்.

2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதனை நன்கு காட்டியது. பூச்சுகளுக்கு வெண்மை தரும் தைத்தானியம் ஈரொட்சைட்டின் நனோ துணிக்கைகளை, ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் வளர்த்த மூளைக் கலங்களில் இட்டனர். நரம்புக் கலங்கள் தனியே இருந்த தட்டில் கேடு உண்டாகவில்லை. காவற் கலங்களும் நரம்புக் கலங்களும் கலந்திருந்த தட்டில் நரம்புக் கலங்கள் விரைவில் சிதைந்தன. துணிக்கையைக் கண்டு கிளர்ந்தெழுந்த காவற் கலங்கள் வெளியிட்டவையே அச்சிதைவுக்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர்.

மூளை இத்தகைய எரிவைத் தாங்குவது கடினம். அது உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே ஆயினும், உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. தோலில் காயம் பட்டால் புதிய கலங்கள் வளர்ந்து மூடிவிடும். நரம்புக் கலங்களுட் பெரும்பாலானவை அழிந்தால் அவற்றுக்குப் பதிலாக வேறு வருவதில்லை.

மெக்சிக்கோ நகரத்து நாய்களும் பிள்ளைகளும்

கண்ணாடித் தட்டையும் எலிக்கூட்டையும் விட்டு, மக்கள் வாழும் இடத்துக்கு வருவோம். மெக்சிக்கோ நாட்டின் தலைநகர் மலைகள் சூழ்ந்த உயர்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. வாகனப் புகையும் தொழிற்சாலைப் புகையும் அங்கேயே தேங்கி நிற்கும். 1990களின் தொடக்கத்தில் உலகிலேயே காற்று மிக மாசடைந்த நகராக அது பேசப்பட்டது.

லிலியன் கால்டெரோன் கார்சிதுவேஞாஸ் என்ற பெண் வைத்திய ஆய்வாளர் அந்நகரத்து நாய்களின் மூளைகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார். தூய காற்றுள்ள ஊர் நாய்களோடு ஒப்பிட்டபோது நகர நாய்களின் மூளையில் அழற்சி கூடுதலாக இருந்தது. ஒரு வயதும் நிரம்பாத குட்டிகளிலும் அவ்வழற்சி காணப்பட்டது. முதியோரின் மறதி நோயிற் காணப்படும் புரதப் படிவுகளும் சில நாய்களில் இருந்தன. பின்னர் 2008இல், வெளித்தோற்றத்தில் நலமாயிருந்த பிள்ளைகளை அவரது குழுவினர் பரிசோதித்தனர். மூளைப் படம் எடுக்கப்பட்ட நகரப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூளையின் முன்பகுதியில் சிறு மாற்றங்கள் தெரிந்தன. தூய காற்றுள்ள ஊர்ப் பிள்ளைகளில் அவை மிகக் குறைவு.

இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை பார்பரா மாகர் 2016இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு படியாகும். மெக்சிக்கோ நகரிலும் இங்கிலாந்தின் மான்செஸ்ரரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுக்களில் அவரது குழுவினர் காந்தத்தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளைத் தேடினர். மிக இளையவர் 3 வயதுப் பிள்ளை. மிக மூத்தவர் 92 வயதினர். மூளையிலேயே இயற்கையாக உண்டாகும் இத்தகைய துணிக்கைகள் கோணங்களுள்ள பளிங்கு வடிவானவை. அவர்கள் கண்டவற்றுட் பெரும்பாலானவை உருண்டையானவை. கடும் வெப்பத்தில் உருகிக் குளிரும்போதே இந்த வடிவம் உண்டாகும். ஆகவே அவை வெளியே எரிந்த எதிலிருந்தோ வந்தவை. எரிந்த பொருளின் துணிக்கை மனித மூளை வரை செல்கிறது என்பதற்கு இதனைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

விறகுப் புகை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டு மலைக் கிராமங்களில் எம்மைப் போலவே வீட்டினுள் திறந்த அடுப்பு வைத்துச் சமைக்கும் விவசாயக் குடும்பங்கள் வாழ்கின்றன. தாய் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கூடுதலான புகையைச் சுவாசித்திருந்தால், அப்பிள்ளைகள் 6, 7 வயதில் நினைவு, கைத்திறன் போன்ற சோதனைகளிற் சிலவற்றில் பின்தங்கியிருந்ததாக 2012இல் அறிவிக்கப்பட்டது. சோதிக்கப்பட்ட பிள்ளைகள் 39 பேர் மாத்திரமே. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவை அளந்தே புகையின் அளவு கணிக்கப்பட்டது. ஆகவே கேடு செய்தது துணிக்கையா, வாயுவா, இரண்டுமா என அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அந்தப் பிரிவினை பெரிதல்ல. இரண்டும் ஒரே அடுப்பிலிருந்துதான் வருகின்றன.

எது உறுதி, எது உறுதியில்லை?

அச்சமூட்டுவது எம் நோக்கமன்று. எரிபுகையின் துணிக்கை மூளையை அடைகிறது என்பது உறுதி. அது விலங்குகளின் மூளையிலும் தட்டில் வளர்த்த கலங்களிலும் அழற்சியை உண்டாக்குகிறது என்பதும் உறுதி. மாசடைந்த காற்றைச் சுவாசிப்போரிடையே முதுமை மறதி கூடுதலாக இருப்பதனால், 2020இல் லான்செற் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காற்று மாசையும் சேர்த்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்குவதற்கோ, குறிப்பிட்ட ஒரு முதியவரின் மறதிக்கோ புகையே காரணம் என எவராலும் சொல்ல முடியாது. போதிய உணவின்மை, நித்திரையின்மை, போர் தந்த பயம், பாடசாலை இழப்பு என எம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கியவை பல. புகை அவற்றுள் ஒன்று. எம் கையால் குறைக்கக்கூடிய ஒன்று என்பதாலேயே அதனைப் பற்றி எழுதுகிறோம்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்

“நாங்களும் புகைக்குள்ளதானே வளர்ந்தனாங்கள்” என்றார் அவர். உண்மையில் அவர் அப்படி வளர்ந்தாரா?

எமது ஊர்களில், நாற்சார் வீடாயினும் மண் வீடாயினும், குசினி பெரும்பாலும் வேறாகவே இருந்தது. வீட்டுக்குப் பின்புறம், கிடுகு வேய்ந்த கூரை, அரைச் சுவர் அல்லது மட்டை வரிச்சு, நாற்புறமும் காற்று. புகை கூரையின் இடைவெளியால் வெளியேறியது. விறகு பனை மட்டையாயினும் பூவரசங் கொப்பாயினும் கோடையில் வெட்டி அடுக்கிக் காயவிட்டது. கைக்குழந்தையின் ஏணை வீட்டு விறாந்தையில் தொங்கியது. பாட்டியோ அக்காவோ ஆட்டினார்கள். புகை இருந்தது, ஆனால் புகைக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு முற்றம் இருந்தது.

இடப்பெயர்வு அந்த முற்றத்தை எடுத்துவிட்டது. அடுப்பும் பாயும் ஏணையும் புத்தகப் பையும் ஓரறைக்குள் வந்தன. கிடுகுக்குப் பதிலாகப் புகை போக வழியற்ற தகரம் வந்தது. காய்ந்த விறகுக்குப் பதிலாக அன்றன்று பொறுக்கிய ஈரக் கொப்பு வந்தது. அதைப் பற்றவைக்க ரியூப்பும் பொலித்தீனும் வந்தன. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எரிவாயுவுக்கு மாறியிருந்தவர்களும் மீண்டும் விறகுக்கு வந்தனர். ஆகவே அம்மா, நீங்கள் வளர்ந்தது இந்தப் புகைக்குள் அல்ல. உங்கள் பிள்ளை சுவாசிப்பது அதனிலும் பல மடங்கு அடர்ந்த புகை. அதுவும் அவனது மூளை வேகமாக வளரும் முதலிரண்டு வயதில்.

நாம் செய்யக்கூடியவை

மூக்கில் சேலைத் தலைப்பையோ துணியையோ கட்டினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். பெரிய தூசிக்கு அது உதவும். நனோ துணிக்கைக்குப் பெரிதும் உதவாது. ஆகவே புகை உண்டாவதைக் குறைத்தல், உண்டானதை வெளியேற்றல், பிள்ளையை அகற்றி வைத்தல் என்னும் மூன்றையுமே நாம் நம்ப வேண்டும்.

முதலாவது, அடுப்பை வெளியே கொண்டுவாருங்கள். நான்கு தடிகளும் ஒரு பழைய தகரமும் பத்துக் கிடுகும் இருந்தால், கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கலாம். காற்று அடிக்கும் பக்கம் மாத்திரம் மறைப்பு வையுங்கள். மற்றப் பக்கங்கள் திறந்திருக்கட்டும். இது இயலாதாயின் அடுப்பைக் கதவருகே வைத்து, அதற்கு நேரே மேலே கூரையில் புகை போக ஒரு திறப்பு விடுங்கள். திறப்பின் மேல் ஓர் அடி உயர்த்திச் சிறு தகரத்தைப் பொருத்தினால் மழை உள்ளே வராது. குவாத்தமாலாவில் புகைபோக்கியுள்ள அடுப்புகள் வழங்கப்பட்டபோது, பிள்ளைகள் சுவாசித்த புகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடும் நிமோனியாக் காய்ச்சலும் குறைந்தது.

இரண்டாவது, விறகைக் காயவையுங்கள். மாரிக்கு முன்பே பிளந்து, நிலத்தில் படாமல் கல்லின் மேல் அடுக்கி, மேலே மூடிவையுங்கள். மெல்லியதாகப் பிளந்த விறகு விரைவில் காயும், சுவாலையோடு எரியும். புகைந்து எரியும் விறகே கூடிய துணிக்கைகளைத் தரும். அடுப்பு மூட்டக் காய்ந்த தென்னம்பாளை, ஊமற்கொட்டை, சிரட்டை ஆகியவற்றை ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். ரியூப், பொலித்தீன், பிளாத்திக்குப் போத்தல் ஆகியவை அடுப்புக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, விறகுச் செலவைக் குறையுங்கள். குறைந்த விறகு, குறைந்த புகை. கடலை, பயறு, உழுந்து முதலியவற்றை முதல்நாள் ஊறப்போடுங்கள். பானைக்கு மூடி போடுங்கள். அனகி எனப்படும் இரண்டு வாய்க் களிமண் அடுப்பு மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் எரியும். அதற்குப் புகைபோக்கி இல்லாமையால் அதனையும் காற்றோட்டமான இடத்திலேயே வைக்க வேண்டும். கரி அடுப்பில் புகை குறைவென்று அதனை மூடிய அறையில் வைத்துவிடாதீர்கள். காபனோரொட்சைட்டு வாயு மணமின்றியே உயிரைப் பறிக்கும்.

நான்காவது, அடுப்பு எரியும் வேளையில் கைக்குழந்தையும் கர்ப்பிணிப் பெண்ணும் அங்கிருக்க வேண்டியதில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதும் தாய்க்கு வேறு வழி இருப்பதில்லை. வழியை உண்டாக்க வேண்டியவர் வீட்டிலுள்ள ஆண்கள். அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையைத் தகப்பனார் வைத்திருக்கலாம். அல்லது அடுப்பைத் தாமே பார்க்கலாம்.

ஐந்தாவது, அடுப்பைத் தவிர்ந்த புகைகளையும் கவனியுங்கள். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துணிக்கைகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கூறியது. மூடிய அறையில் திரி கொளுத்துவதைவிட நுளம்பு வலை மேலானது. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது அன்பினால் வந்த வழக்கம். தலையைத் துணியால் துவட்டினாலே போதும். குப்பைக் கும்பத்தைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கொளுத்தாதீர்கள். தண்ணீர் இறைக்கும் மிசினையும் லான்ட்மாஸ்ரரையும் வீட்டு வாசலில் உறுமவிடாமல் தள்ளி வையுங்கள்.

கேட்க வேண்டியவை

இவை எல்லாம் குடும்பங்கள் தாமே செய்யக்கூடியவை. ஆனால் ஓரறைக் கொட்டிலைத் தந்தவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. தற்காலிக வீடாயினும் நிரந்தர வீடாயினும், வீட்டுத்திட்டம் பற்றிய கூட்டங்களில் மலசலகூடம் எங்கே என்று கேட்க நாம் பழகிவிட்டோம். குசினி எங்கே, புகை போக வழி எங்கே என்று கேட்பவர் குறைவு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் இக்கேள்வியைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும். பதிலை எழுத்தில் பெற வேண்டும். வரைபடத்தில் குசினி இல்லையென்றால் அதற்குக் கையொப்பம் வைப்பதற்கு முன் கேளுங்கள். கட்டி முடிந்தபின் கேட்பது கடினம்.

நாம் அன்று விடைபெற்ற வேளையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. அந்தத் தாயின் கணவர் கொட்டிலுக்கு வெளியே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தகரத்தைக் கழற்றிப் பின்பக்கம் சாய்ப்பு இறக்கலாமோ?” என்று கேட்டார். இறக்கலாம் என்றோம். எமது ஊருக்கு நாம் எப்போது திரும்புவோம் என்பது எம் கையில் இல்லை. அடுப்புக்கும் பிள்ளைக்கும் இடையே அந்த முற்றத்தை மீண்டும் உண்டாக்குவது எம் கையில் இருக்கிறது.